ஏரிக்கரைக் கண்ணோடு மழைக்காட்டுக்கு: எந்தக் கேமராவைத் தூக்குவது?

தை மாதக் காலையில் வடுவூர் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தோம், நானும் அண்ணன் மகனும். எதிரே கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தன. அவன் கையில் லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு சாதாரண மிரர்லெஸ் கேமரா, அதோடு வந்த சின்ன லென்ஸ். நாரைகள் படத்தில் அரிசிமணி அளவுக்குத்தான் விழுந்தன. திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"சித்தப்பா, மே மாதம் வால்பாறை போகிறோம் அல்லவா, அதற்குள் ஒரு 150–600 மில்லிமீட்டர் நீள லென்ஸ் வாங்கிவிடட்டுமா? ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது."

"இந்த ஏரிக்கென்றால் வாங்கு. வால்பாறைக்கென்றால் கொஞ்சம் பொறு" என்றேன்.

நான் பொறுக்காமல் போய்ப் பட்டவன். முதல் முறை அங்கே மழைக்காட்டுக்குள் நடந்தபோது, இருந்ததிலேயே நீளமான லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். மூன்று நாளில் எடுத்தவை ஆயிரத்துச் சொச்சம் படங்கள். ஊருக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது, கருப்பு இலைகளுக்கு நடுவே கருப்பாக ஏதோ ஒன்று அசைந்த படங்களே அதிகம். அது சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு என்று எனக்குத் தெரியும். பார்த்தவர்கள் நம்பவில்லை.

டெல்டாவில் கேமரா பழகியவர்களுக்கு ஒரு குறை உண்டு. அதை இங்கே இருக்கும்வரை குறையென்று உணர முடியாது. நமக்கு வெளிச்சம் பஞ்சமே இல்லை. வயல், ஏரி, ஆற்றுப்படுகை, உப்பளம் என்று எங்கே நின்றாலும் தலைக்கு மேல் முழு வானம். பஞ்சம் தூரத்தில்தான். நாம் வரப்பில் கால் வைத்ததுமே பல பறவைகள் எழுந்து போய்விடும். பூநாரைகள் கோடியக்கரைச் சதுப்பின் அடுத்த கரையில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். அதனால் நாம் எல்லோரும் எட்டிப் பிடிக்கும் லென்ஸுக்கே ஆசைப்படுகிறோம். மழைக்காட்டில் கதை தலைகீழ். அங்கே பொருள் காலடியில், கண்ணுக்கு நேரே, இலையின் மறுபக்கத்தில் இருக்கிறது. வெளிச்சம்தான் இல்லை.

எவ்வளவு இல்லை என்பதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். வடுவூரில் நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும்), வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓவை 400 என்று வைத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 1,600-ல் ஒரு பங்குக்குப் போகும். பறக்கும் நாரையின் இறகு நுனி உறைந்து நிற்க அது போதும். மூடிய மழைக்காட்டின் தரைக்கு வந்து சேர்வது மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மிச்சத்தையெல்லாம் மேலடுக்கு, இடையடுக்கு, புதரடுக்கு என்று வரிசையாகத் தின்றுவிடுகின்றன. அதே கேமரா, அதே அமைப்பு. ஷட்டர் இப்போது நொடியில் 16-லிருந்து 32-ல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நிற்கும் மந்தி தலை திருப்பினாலே மங்கிப்போகும் வேகம் இது. இதுவும் மேலே வெயில் அடிக்கும்போதுதான். மேகம் மூடினால் இன்னும் நான்கில் ஒரு பங்காகும். வால்பாறையில் மே கடைசியில் மேகம் மூடாத நாளை எதிர்பார்த்துப் போகக்கூடாது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் அவன் முன் இருந்த நான்கு வழிகளையும் பார்த்தோம்: வெறும் கைபேசி, பெரிய ஜூம் உள்ள ஒற்றைக் கேமரா, இருக்கிற மிரர்லெஸ்ஸுக்கு 150–600 லென்ஸ், அல்லது அதற்கே மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்றும் ஃபிளாஷும்.

பெரிய ஜூம் கேமராவை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பறவை பார்ப்பவர்களில் பாதிப்பேர் கையில் இருப்பது இதுதான். 2015-ல் நிகான் பி900 வந்தபோது 83 மடங்கு ஜூம் என்றார்கள். நீளக் கணக்கில் 2,000 மில்லிமீட்டருக்குச் சமம், எடையோ ஒரு கிலோவுக்குள். 2018-ல் வந்த பி1000 அதை 125 மடங்காக்கியது. கோடியக்கரையில் உப்பளத்து வரப்பில் நின்று பூநாரையின் கண்ணைப் படமெடுக்க இவ்வளவு மலிவான வழி வேறு கிடையாது. வெளிமான் கூட்டத்தைத் தொந்தரவு செய்யாமல் புல்வெளியின் இந்தப் பக்கத்திலிருந்தே எடுக்கலாம். நானே ஒன்று வைத்திருந்தேன், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த ஜூம் அவ்வளவு சின்ன உடம்புக்குள் அடங்குவதற்குக் காரணம், உள்ளே படம் பதியும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது என்பதுதான். பரப்பில் 28 சதுர மில்லிமீட்டர். அவன் கையிலிருந்த மிரர்லெஸ்ஸின் சென்சார் அதைப்போல ஏறத்தாழ 12 மடங்கு. ஜூமை முழுக்க நீட்டினால் துளையும் எஃப் 6.5-க்குச் சுருங்கிவிடும். வெளிச்சம் கொட்டும் இடத்தில் இவை இரண்டும் வெளியே தெரியாது. மழைக்காட்டில் இரண்டும் சேர்ந்து ஆளைக் கவிழ்த்துவிடும். சாதாரணக் கைபேசியின் முதன்மை லென்ஸ் எஃப் 1.8 அளவில் இருக்கிறது. 6.5-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள், 13 வரும். சட்டைப்பைக்குள் கிடக்கும் கைபேசி, கழுத்தில் தொங்கும் ஜூமைவிட 13 மடங்கு அடர்த்தியான வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. காட்டுத் தரையில் காளானையும் பன்னத்தையும் எடுக்கும்போது கைபேசிப் படம் நன்றாக இருப்பது அதனால்தான். ஜூம் கேமராக்காரர்கள் இதைக் கேட்டால் கோபப்படுகிறார்கள்; நானும் ஒரு காலத்தில் பட்டேன்.

ஆகவே வால்பாறைக்கென்று இதை வாங்காதே என்பது என் முடிவு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கொண்டுபோகலாம், ஆனால் காட்டுக்குள் அல்ல. காட்டின் ஓரத்தில், தேயிலைத் தோட்டமும் சாலையும் சேரும் திறந்த இடங்களில். அங்கே மரத்தின் உச்சியில் வந்து அமரும் பெரிய இருவாட்சிக்கு அது உதவும்.

இப்போது 150–600. தம்பிக்கு ஆசை இதில்தான். அண்ணன் மகனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இந்த லென்ஸ் ஏறத்தாழ இரண்டு கிலோ. கேமராவும் சேர்ந்தால் இரண்டரை. மன்னார்குடியில் செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகாலையில் கோயம்புத்தூரில் இறங்கி, பொள்ளாச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வால்பாறைக்கு இன்னொரு பஸ் என்று போகிற பயணத்தில் அது ஒரு கைக்குழந்தை. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டைஊசி வளைவுகள். மேலே சாமான் தட்டில் வைக்க மனசு வராது.

எடையைப் பொறுத்துக்கொண்டால் பலன் உண்டா? உண்டு, ஓரளவுக்கு. நீட்டிய நிலையில் எஃப் 6.3, மந்தி அசைவை நிறுத்த நொடியில் 500-ல் ஒரு பங்காவது ஷட்டர் வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி ஐஎஸ்ஓ 4,000 முதல் 8,000 வரை ஏற்ற வேண்டியிருக்கும். மேகம் மூடினால் 16,000-க்கும் மேல். அவனுடைய சென்சார் 6,400 வரை தாங்குகிறது. அதற்கு மேல் படம் ரவை தூவியது போல ஆகிவிடும். கேமரா சுருக்காத ரா கோப்பாக எடுத்து, அந்த ரவையை நீக்கும் மென்பொருளில் போட்டால் கொஞ்சம் மீட்கலாம். இறகின் நுண்வரிகளை மீட்க முடியாது.

இன்னொரு தடை மரங்களே. வயலில் 600 மில்லிமீட்டர் வைத்துப் பார்த்தால் எதிரே காற்றுதான் இருக்கும். காட்டில் 600 வைத்துப் பார்க்க உங்களுக்கும் பறவைக்கும் நடுவே மறைப்பில்லாத வெற்றிடம் வேண்டும், அது கிடைப்பதில்லை. ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு கொடியும் ஃபோகஸைப் பிடித்து இழுக்கும். ஒற்றையடிப் பாதையில் பத்துப்பேர் வரிசையாக நடக்கும்போது முக்காலி விரிக்க இடமும் இருக்காது. ஒற்றைக்கால் தாங்கி ஒன்றுதான் வழி. நின்ற இடத்தில் நிற்கவும் முடியாது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் அட்டைகள் ஷூவின் விளிம்பைக் கண்டுபிடித்துவிடும்.

பாலூட்டிகளுக்காவது நீளம் வேண்டாமா என்று கேட்டான். நியாயமான கேள்வி. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டம் பக்கத்துச் சோலைமந்திகள் துண்டுபட்ட காட்டில் வாழ்கின்றன. சாலையைக் கடப்பதற்கென்று மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்களில் அவை போவதைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். பத்து, பதினைந்து மீட்டரில் இருக்கும் விலங்குக்கு 600 எதற்கு? 70–300 மில்லிமீட்டர் லென்ஸ் போதும், மிச்சமும் இருக்கும். மலையணிலும் நீலகிரிக் கருமந்தியும் உயரத்தில் இருக்கும், உண்மை. ஆனால் உயரத்தில் இருப்பவை வானத்தைப் பின்னணியாகக் கொண்டவை. நம் டெல்டாக் கை இங்கேதான் ஒரு தப்பைச் செய்யும். வெள்ளைக் கொக்கு வெளுத்துப்போய்விடக்கூடாதே என்று படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை எப்போதும் கழித்தலில் வைத்துப் பழகியிருக்கிறோம். வானத்துக்கு எதிரே கருமந்தி உட்கார்ந்திருக்கும்போது கூட்டலில், ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றி வைக்க வேண்டும். என் ஆயிரத்துச் சொச்சம் கருப்புப் படங்களில் பாதியைக் கெடுத்தது லென்ஸ் அல்ல, மாற்ற மறந்த இந்தச் சின்னச் சக்கரம்தான்.

150–600 வீண் என்று நான் சொல்லவில்லை. அவன் வருடத்தில் மூன்று நாள் வால்பாறையில் இருப்பான். மிச்ச நாட்களில் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி, கோடியக்கரை. முதல் இரண்டுக்கும் 2022-ல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது, கரைவெட்டிக்கு 2024-ல், கோடியக்கரைக்கு 2002-லேயே. உலகத் தரமான நீர்ப்பறவை இடங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும்போது அந்த லென்ஸுக்கு வேலை இல்லாமல் போகாது. வால்பாறையைக் காரணமாகக் காட்டி அதை வாங்காதே என்பதுதான் என் பேச்சு.

எனக்குப் பிடித்த வழி நான்காவது. மழைக்காட்டில் நடந்துபோகிறவர் கண்ணில் படுவதில் நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளங்கைக்குள் அடங்கும் உயிர்கள். புதர்த் தவளைகள் கட்டைவிரல் நகத்தளவுதான். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளேயே தவளைக்குஞ்சாக முழு வளர்ச்சி பெற்று வெளிவரும் இனங்கள் அவை. குழிவிரியன் இலைக்கும் கிளைக்கும் நடுவே மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பறக்கும் ஓணான் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். வண்டு, சிலந்தி, மரவட்டை, பாசி, காளான், கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிட். எதற்கும் தூரம் வேண்டாம். நெருக்கம் வேண்டும், வெளிச்சம் வேண்டும்; வெளிச்சத்தை நாமே கையில் கொண்டுபோகலாம். பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் மந்திக்கு வெளிச்சம் கொண்டுபோக முடியாது. பத்து சென்டிமீட்டரில் இருக்கும் சிலந்திக்கு முடியும். 150–600-க்கும் மேக்ரோவுக்கும் நடுவே எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான்.

மேக்ரோவிலும் சிரமம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பொருளை அதே அளவில் சென்சாரில் விழவைக்கும்போது, எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தவளையின் கண் தெளிந்தால் மூக்கு மங்கும். அதோடு, அவ்வளவு நெருங்கும்போது லென்ஸ் தானே இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இழக்கிறது. ஃபிளாஷ் இல்லாமல் மேக்ரோ வாங்குவது மாடில்லாமல் வண்டி வாங்குவது போல. ஃபிளாஷையும் அப்படியே அடித்தால் ஈரத்தோல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் விழும். மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை வளைத்து, லென்ஸின் நுனி வரைக்கும் நீளும் கூரையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் செய்தது பக்கத்துக் கடையில் வாங்கிய பொட்டலத் தாளில். மூன்று மழைக்காலமாக உழைக்கிறது. குறைந்த சக்தியில் அடிக்கும் ஃபிளாஷ் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே எரிகிறது. கை நடுக்கத்தைக் கேமரா பார்ப்பதற்குள் அணைந்துவிடும். முக்காலி தேவையில்லை.

முழு மேக்ரோ லென்ஸுக்குக் காசு பற்றாது என்றால் பாதி வழியும் இருக்கிறது. இருக்கிற லென்ஸின் முன்னால் கவ்விக்கொள்ளும் குளோஸ்அப் லென்ஸ். எட்டு டயாப்டர் சக்தி உள்ளதை மாட்டினால் பன்னிரண்டரை சென்டிமீட்டரில் ஃபோகஸ் விழும். அந்த ஒரே தூரத்தில்தான் விழும். முன்னும் பின்னும் உடம்பை ஆட்டித்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும். 70–300 லென்ஸோடு இதைச் சேர்த்தால் ஒரே லென்ஸில் மந்தியும் எடுக்கலாம், மந்தி உதிர்த்த வெடிப்பலா மரத்துக் காயின் தோலில் ஊரும் எறும்பும் எடுக்கலாம். பன்னிரண்டரை சென்டிமீட்டர் தவளைக்குச் சரி. குழிவிரியனுக்குச் சரியில்லை. பாம்புக்கு 90 அல்லது 105 மில்லிமீட்டர் மேக்ரோவோ, 300-ன் நீளமோதான். ஒரு நல்ல படத்துக்காகக் கையை அதன் முன்னால் நீட்டுகிறவர்களோடு நான் நடப்பதில்லை.

கைபேசிக்கு வருகிறேன். நால்வரில் இதைத்தான் எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். செடி எடுப்பதற்கு இதைவிடச் சிறந்ததில்லை என்பேன். ஒரு மரத்தை ஒரு படத்தில் அடையாளம் சொல்லிவிட முடியாது. நிற்கும் தோற்றம், பலகை போல விரிந்த வேர்கள், பட்டை, இலை எதிரெதிராக அமைந்திருக்கிறதா மாறி மாறியா, இலையின் அடிப்பக்கம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம், கீழே விழுந்த காய், பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா. ஏழெட்டுப் படங்கள். கைபேசியில் ஒரு நிமிட வேலை. 600-ஐ வைத்துக்கொண்டு இலையின் அடியை எப்படி எடுப்பது? வெடிப்பலாவின் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளியும் செம்பும் கலந்த நிறத்தில் மின்னும். மேலே பார்த்தால் நூறு மரங்களில் ஒன்று, அடியைப் பார்த்தால் தப்பவே தப்பாது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கவ்வு லென்ஸை மாட்டினால் கைபேசியே மேக்ரோ ஆகும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நெருங்க வேண்டும். பாசிக்கும் காளானுக்கும் பூவுக்கும் அது போதும், அவை ஓடுவதில்லை. தவளைக்கு அவ்வளவு கிட்டே போனால் அடுத்த இலைக்குத் தாவிவிடும். ஈர இலையின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் வடிகட்டி போடச் சொல்வார்கள். அது ஒன்றரை, இரண்டு ஸ்டாப்பைத் தின்னும். காட்டில் நம்மிடம் தானம் செய்ய ஸ்டாப் இல்லை. இலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே போதும்.

கைபேசியில் ஒரு ஆபத்து, இடக்குறி. எடுத்த படத்துக்குள்ளேயே எந்த இடம் என்ற விவரம் போய் உட்கார்ந்துகொள்ளும். பூத்த ஆர்க்கிட்டையும் தேவாங்கையும் அப்படியே வாட்ஸ்ஆப் குழுவில் டாக்குமென்ட்டாக அனுப்பினால், அதைப் பறிக்க வருகிறவனுக்கு நாமே வழி சொன்னதாகும். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் இனங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பிய படத்தில் இடம் அப்படியே இருக்கும். கோடியக்கரையில் மூலிகை தேடி வருகிறவர்களைப் பார்த்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வாடகை லென்ஸ் எடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் நடுவில் சொன்னார். நல்ல யோசனைதான், நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். ஒரு முறை வந்த லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது நான்தான் வளர்த்ததாகச் சொன்னார்கள். வாங்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை என் சொந்த லென்ஸிலும் வந்திருக்கிறது. மலையிலிருந்து வந்த அலுப்பில் ஈரப்பையை ஜிப் போட்டு அப்படியே பீரோவில் வைத்தேன். ஐப்பசி அடைமழை முடிந்து திறந்தபோது உள்ளே ஒரு தோட்டமே இருந்தது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா போதும். அரிசிக்குள் புதைக்கச் சொல்லும் ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள். அரிசி ஊரான நம் ஊரிலிருந்தே சொல்கிறேன், தவிட்டுத் தூசி லென்ஸுக்குள் போனால் வெளியே வராது.

எதை வாங்கினாலும் மலையேறும் முன் ஒரு ஒத்திகை வேண்டும், அதற்கு நம்மிடமே இடம் இருக்கிறது. கோடியக்கரை என்றால் எல்லோரும் சதுப்பையும் பூநாரையையும்தான் நினைக்கிறோம். 1967-ல் சரணாலயமான அந்த இடத்தின் உள்பகுதி உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரங்கள் நெருங்கி நிற்கும், குட்டையான கூரை, முள்ளும் கொடியும் பின்னிய அடிப்பகுதி. மழைக்காடு அல்ல, மழையும் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும். ஆனாலும் புல்வெளியிலிருந்து அந்த மரநிழலுக்குள் நுழையும்போது கேமரா தடுமாறுகிற விதம் அதேதான். சித்திரையில் ஒரு நாள் அனுமதி வாங்கி அங்கே போனோம். 70–300 ஒன்றை இரவல் வாங்கி, கவ்வு லென்ஸ் மாட்டி, என் ஃபிளாஷோடு அவனிடம் கொடுத்தேன். என்னிடம் நண்பர் ஒருவரின் 150–600. அரை நாளில் நான் எடுத்ததில் உருப்படியானவை புல்வெளி வெளிமான்கள் மட்டும். அவன் மரநிழலில் சிலந்தி, பாலை மரப்பட்டையில் ஓணான், பேர் தெரியாத ஒரு கொடியின் பூ என்று நாற்பது நல்ல படம் வைத்திருந்தான்.

முத்துப்பேட்டையும் ஒத்திகைக்கு ஆகும், வேறு விதத்தில். ஜாம்புவானோடையிலிருந்து படகில் போனால் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களுக்கு நடுவே சேற்றில் துள்ளும் மீன்களைப் பார்க்கலாம். படகு ஆடும், வெயில் கொளுத்தும், மீன் மூன்று மீட்டருக்குள் விடாது. அங்கே நீளம்தான் ஜெயிக்கும். ஒரே வாரத்தில் இரண்டு இடமும் போய்வந்தால் எந்தப் பொருள் எதற்கு என்பது கைக்கே தெரிந்துவிடும்.

காட்டில் நடந்துகொள்வது பற்றிச் சுருக்கமாக. புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் கால் வைக்கக்கூடாது; டாப்சிலிப் பக்கத்துக் கரியன் சோலைக்கும் அப்படித்தான். கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் அடிக்கலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு அடியுங்கள். தேவாங்கு, ஆந்தை போன்ற இராத்திரி விலங்குகளுக்கு அவர் சரி என்றாலும் வேண்டாம். தவளையை நல்ல இலைக்கு மாற்றி வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, கொசுமருந்து தடவிய விரலால் அதைத் தொடுவது விஷம் தடவுவதற்குச் சமம். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். அட்டைக்கு முழங்கால் வரை ஏறும் துணி உறை வாங்குங்கள். புகையிலைத் தூள் மழையில் கரைந்துபோகும்.

நாள் குறித்தாயிற்று. மே கடைசி வாரம், கோடை மழை விழுந்து தவளைகள் வாய் திறக்கும் சமயம். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும், குறுவை நாற்றங்காலுக்கு அண்ணனுக்கு ஆள் வேண்டும். தம்பி கடைசியில் பழைய 90 மில்லிமீட்டர் மேக்ரோ ஒன்றை வாங்கினான், டார்ச் அடித்துப் பார்த்துத்தான். மிச்சக் காசுக்கு ஒரு சின்ன ஃபிளாஷ். செம்மொழியில் டிக்கெட் போட்டிருக்கிறோம். நேற்று போன் செய்து, நண்பரின் 150–600-ஐயும் இரவல் வாங்கிவிட்டதாகச் சொன்னான், ஒருவேளை இருவாட்சி உட்கார்ந்தால் என்று.

"கொண்டு வா" என்றேன். "நாற்பது வளைவும் உன் மடியில்தான் அது இருக்கும்."